நாலு பக்கமும் துணி தெரியணும்

அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு கறுப்புத் துணி மடித்தபடி இருக்கும். உடைந்துபோன குடை ஒன்றிலிருந்து கழற்றி, சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு வைத்த துணி. பழைய பதிவேடு எதையும் படம் எடுப்பதற்கு முன்னால் அதை மேசையில் விரித்து, அதன் மேல் புத்தகத்தை வைப்பார். தாளின் நான்கு ஓரமும் படத்தில் விழ வேண்டும். ஓரத்துக்கு வெளியே கறுப்பும் தெரிய வேண்டும். "நாலு பக்கமும் துணி தெரியணும். அப்பத்தான் தாள் முழுசா வந்திருக்கு என்டு அர்த்தம்" என்பார்.

ஏழு வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். அந்த ஏழு வருஷத்தில் அவர் ஒரே ஒரு தடவைதான் ஓர் ஓரத்தை வெட்டினார். நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அக்காவைப் பற்றி எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் முட்டுகிறேன். ஆகவே அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் வேலை என்னவென்று கேட்டால் என் சொந்தக்காரருக்கே சரியாக விளங்காது. கொழும்பில் உள்ள பழைய ஆவணங்களைத் தேடி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள், வழக்குக்காரர்கள், தாத்தாவின் பிறப்பைத் தேடுகிறவர்கள். பத்து நாள் லீவு எடுத்து வருவார்கள். அதில் நாலு நாள், "ஹெட்ட என்ன மிஸ்" என்று நாளைக்கு வரச் சொல்லும் வாசல் காவலாளியிடமே போய்விடும். அப்படிப் போகாமல், அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே தேடலைத் திட்டமிட்டுக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். முதலில் அட்டவணைப் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்புவோம். அவர்கள் அதில் குறித்துத் தருகிற பக்கங்களை அடுத்ததாக எடுப்போம். அதைப் பார்த்து, வருவதா வேண்டாமா, வந்தால் எந்த நாள் எந்த வாசலில் நிற்பது என்று முடிவு செய்யலாம். திட்டமும் கடிதமும் என் பொறுப்பு. நான் வெள்ளவத்தையில் என் வீட்டு முன்னறையில் இருந்து செய்வேன். வாசிப்பறைகளுக்கும் கோயில் காரியாலயங்களுக்கும் போய்ப் படம் எடுப்பது அக்கா.

அவர் முன்பு புதுக்கடையில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் தட்டெழுத்து வேலை பார்த்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேலைக்கு உட்கார முன் வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துவிடுவார். சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுவார். இடையில் பால் இல்லாமல் ஒரு பிளேன்டீ, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கியபடி. சீனி தொட்ட கையை மறுபடியும் முழங்கை வரை கழுவுவார். வாடிக்கையாளர்களைச் சந்திக்கவே மாட்டார். "அவங்களுக்கு வேணும்ங்கிறது தாள். என்ட மூஞ்சி எதுக்கு?" என்று கேட்பார்.

ஒரு தடவை இலண்டனில் துறைமுகத் தொழிலாளர் பற்றி ஆராய்ச்சி செய்த ஒருவர் எழுதியிருந்தார்: படங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் அந்தக் கறுப்புக் கரையை வெட்டிவிட்டு அனுப்ப முடியாதா, எழுத்து இருக்கிற இடம் மட்டும் போதும். நான் அதை அக்காவிடம் சொன்னேன்.

"வெட்டுறது அவர்ட கையில இருக்கு. வெட்டினத ஒட்டுறது எவர்ட கையிலயும் இல்ல. அப்பிடியே எழுதுங்க" என்றார்.

நான் கொஞ்சம் மெருகு பூசி எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அதே மனிதர் நன்றி எழுதினார். தொழிலாளர்கள் கொடுத்த ஒரு மனுவின் ஓரத்தில், எந்த அதிகாரியோ பென்சிலால் 'பதில் அனுப்ப வேண்டாம்' என்று எழுதியிருந்ததாம். அந்த மூன்று சொல்தான் அவருடைய ஒரு முழு அத்தியாயம். அக்காவிடம் சொன்னபோது அவர் பெருமைப்படவில்லை. "பதில் வராத ஆக்கள் எவ்வளவு நாள் பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் முகம் சரியில்லை. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. படம் எடுக்கிறவர் படம் எடுத்தால் போதாதா, எவரோ செத்துப்போன ஆட்களுக்காக இவர் ஏன் சோறு வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். அவர் வாசிக்காமல் ஒரு பக்கத்தையும் புரட்டியதில்லை. வாசித்ததை மறந்ததுமில்லை.

அவருடைய வீடு முகத்துவாரத்தில், மாடி வீட்டுத் தொகுதி ஒன்றின் இரண்டாம் மாடியில். படங்கள் சேமித்த ஹார்ட் டிஸ்க் பெட்டியை வாங்க ஒருநாள் போயிருந்தேன். வாசலில் அவருடைய அப்பா இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், எண்பது வயதுக்கும் நிமிர்ந்த முதுகு. அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் 'துரை'. நான் படியேறி மூச்சு வாங்கியதைப் பார்த்து ஒரு ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டார்.

"மகளுக்கு எந்த ஊரு?"

"வெள்ளவத்தை, அங்கிள்."

"வெள்ளவத்தை ஊரா? அது பஸ் நிக்கிற இடம்" என்று சொல்லிச் சிரித்தார். செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடைக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போவாராம். புயல் அடித்தாலும் போவார் என்று அக்கா குறைபோலச் சொன்னார். சுவரில் அக்காவின் மறைந்த அம்மாவின் படத்துக்குக் கீழே சிவப்புச் சிறு பல்பு எரிந்தது. அம்மா வெங்காய மூட்டை சேமிக்கிற கிட்டங்கி ஒன்றில் வேலை செய்தவர். இறங்கி வரும்போது நான் சும்மா கேட்டேன், "அப்பான்ர பக்கத்து ஆக்கள் ஒருத்தரும் இல்லையா அக்கா?"

"இருக்காங்க. எங்களுக்கு இல்ல" என்றார். நான் அதற்கு மேல் கிண்டவில்லை.

கனடாவிலிருந்து அந்தக் கடிதம் வந்தது அதற்கு அடுத்த வருஷம். எழுதியவர் ஒரு மகள். அவருடைய அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிற வயது; பிறந்து வளர்ந்தது கொச்சிக்கடைப் பக்கம். அம்மாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். வீட்டுக்குப் பிடிக்காத ஒரு பெண்ணைக் கட்டப் போய், வீட்டோடு தொடர்பு அறுந்துவிட்டது. பிறகு இவர்கள் ஊரும் மாறி நாடும் மாறினார்கள். அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. 'அம்மா இனிமேல் ஒருமுறைதான் இவ்வளவு தூரம் பறக்க முடியும் என்று டொக்டர் சொல்கிறார். மாமாவின் வாசல் எது என்று தெரிந்தால் நேரே அங்கே கொண்டுபோய் விடுவேன். தெரியாவிட்டால் கோயிலையாவது காட்டிவிட்டுக் கூட்டிவருவேன்' என்று எழுதியிருந்தார். அண்ணனின் ஞானஸ்நானப் பெயரும் இருந்தது. மூன்று புனிதர்களின் பெயர்கள் வரிசையாக, கடைசியில் அந்தப் பக்கம் பாதிப் பேருக்கு இருக்கிற குடும்பப் பெயர். அக்காவுக்கும் அதே குடும்பப் பெயர்தான். எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை.

திட்டம் சுலபமானது. கத்தோலிக்கர் எந்தக் கோயிலில் கலியாணம் கட்டினாலும், அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு அங்கிருந்து அறிவிப்பார்கள். பழைய பதிவேட்டில் அவருடைய வரிக்குப் பக்கத்தில், தாளின் ஓரத்தில், எந்தக் கோயில், என்றைக்கு, யாரைக் கட்டினார் என்று எழுதி வைப்பார்கள். ஆகவே அந்த ஒரு பக்கத்தை ஸ்கேன் எடுத்தால் போதும். ஓரத்தில் குறிப்பு இருந்தால் அடுத்த கோயில், அங்கிருந்து விலாசம், அங்கிருந்து வாசல். குறிப்பு இல்லாவிட்டால் வழி அத்தோடு முடிந்தது. நான் அக்காவுக்குப் பெயரையும் ஆண்டையும் அனுப்பினேன். அவர் வழக்கம்போல 'சரி' என்று ஒரு சொல் பதில் போட்டார்.

படம் வர வழக்கத்தைவிட ஒரு கிழமை, ஏழு முழு நாள், பிந்தியது. திறந்து பார்த்தேன். மேலே துணி தெரிந்தது. கீழே தெரிந்தது. இடது பக்கம் தெரிந்தது. வலது பக்கம் துணி இல்லை. தாள் எழுத்தோடேயே முடிந்திருந்தது. ஓரம் என்று ஒன்று அங்கே இல்லை.

கேட்டிருக்க வேண்டும். ஒரு நிமிஷப் பேச்சு. ஆனால் மகள் அதற்குள் மூன்று தடவை எழுதிவிட்டார், லீவுக் கடிதத்தை அன்றைக்கே கொடுக்க வேண்டும் என்று. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. அதோடு, அக்காவிடம் போய் ஓரம் எங்கே என்று கேட்பது, வருஷக்கணக்காகச் சமைக்கிறவரிடம் உப்புப் போட்டீர்களா என்று கேட்பது போலப் பட்டது. ஓரத்தில் ஏதாவது இருந்திருந்தால் அக்கா விடுவாரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகளுக்கு எழுதினேன்: 'ஓரத்தில் திருமணக் குறிப்பு எதுவும் இல்லை.'

எங்கள் தொழிலில் செய்யவே கூடாத தப்பு அது. கண்ணில் படாததை 'பார்க்கவில்லை' என்றுதான் எழுத வேண்டும். 'இல்லை' என்று எழுதக் கூடாது. இதை நான் எத்தனையோ பேருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன்.

குறிப்பு இருந்தது. அந்த ஓரத்தில் முகத்துவாரத்துக் கோயில் ஒன்றின் பெயரும், ஒரு நாளும், ஒரு பெண்ணின் பெயரும் இருந்தன. அந்தப் பெண் அக்காவின் அம்மா. கனடாவிலிருந்து தேடப்பட்ட அண்ணன், எனக்கு ஸ்டூல் இழுத்துப் போட்ட துரை அங்கிள். இது எனக்குத் தெரிய வந்தது பிறகுதான், ஆனால் இனி நான் சொல்லப் போவதை இது தெரிந்தே நீங்கள் கேட்க வேண்டும்.

தாயும் மகளும் வருவதென்று முடிவு செய்தார்கள். வாசல் கிடைக்காவிட்டாலும் கோயிலைப் பார்க்கலாம் என்று. நான் பத்து நாளுக்கு அட்டவணை போட்டேன். அந்த அம்மா விரும்பியபடி கொச்சிக்கடையைச் செவ்வாய்க்கிழமைக்கு வைத்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு அழைத்தார்.

"செவ்வாய் வேணாம். செவ்வாய்க்குச் சனம் நெருக்கும். அவங்களுக்கு முழங்கால் ஏலாது என்டு எழுதியிருக்காங்க தானே. புதனுக்குப் போடுங்க."

"ஓம், அது சரிதான் அக்கா."

"அண்டைக்கு நான் கூட்டிக்கிட்டுப் போறன்" என்றார்.

எனக்கு ஆச்சரியம். யாரையும் சந்திக்காதவர். வயது போன மனுஷி என்று இரக்கம் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். செவ்வாயை அழித்துப் புதனை எழுதினேன். அண்ணனும் தங்கையும் ஒரே நாளால் தவறிப்போனார்கள், என் கையாலேயே.

புதன்கிழமை மழை. நானும் போயிருந்தேன். அந்த அம்மா சின்ன உருவம், பெரிய கண்ணாடி, கால்களில் இறுக்கமான வெள்ளைச் சப்பாத்து. அக்கா ஒரு கையால் அவருக்குக் குடை பிடித்தார், மறு கையால் அவருடைய கையைப் பிடித்தார். கோயிலுக்குள் பக்கவாட்டில் ஒரு நீள மர வாங்கில் அவரை இருத்திவிட்டுப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். மகள் மெழுகுதிரி வாங்கப் போயிருந்தார். அந்த அம்மா பேசத் தொடங்கினார். கேட்க ஓர் ஆள் கிடைத்தால் வயதானவர்கள் பேசுவது போலத்தான்.

"அண்ணன் அவளக் கூட்டிக்கிட்டு வந்தது இந்த மாதிரி ஒரு மழையில. அவ கிட்டங்கியில வெங்காயம் துப்புரவாக்கிற பிள்ள. எங்க அப்பா சாத்துடி கதவ என்டாரு. நான்தான் சாத்தினன்."

அக்கா நனைந்த குடையைக் காலடியில் வைத்தார். "அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"யாரு?"

"அந்தப் பொம்பள."

"ஒண்டும் சொல்லல்ல. நின்டா. வயித்தில பிள்ள வேற. ஜன்னலால பாத்தன், நனைஞ்சுக்கிட்டே நின்டா. பிறகு அண்ணன் கூட்டிக்கிட்டுப் போய்ட்டாரு." அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவில ஒண்டும் இல்லையாம். அப்பிடியெண்டா அண்ணன் அவளக் கோயில்ல வச்சுக் கட்டவே இல்ல. நாங்க கட்ட விடல்ல. அந்தப் பாவமும் எங்கட தலையில."

அதைச் சொல்ல வைத்தது நான் எழுதிய ஒரு வரி. அந்த வரி பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் அந்த அம்மாவைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டு, மழை விட்டால் அடுத்து எங்கே போவது என்று அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து, "வாங்கம்மா, மெதுவா" என்று சொல்லி அவரை எழுப்பினார். வெளியே படிகளில் தண்ணீர் வழிந்தது. கையை விடாமல் ஒவ்வொரு படியாக இறக்கினார். வேனில் ஏற்றி, ஈரச் சப்பாத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். அந்த அம்மா, "உனக்கு நல்லா இருக்கும் பிள்ள" என்று அவர் தலையில் சிலுவை அடையாளம் போட்டார். கனடாக்காரர்கள் போய்ச் சேர்ந்ததும் நன்றி எழுதினார்கள்.

அடுத்த வருஷம் துரை அங்கிள் காலமானார். மூச்சு முட்டியது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் பத்து மணி போல முகத்துவாரத்துக்குப் போனேன். வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் வெள்ளைக் கொடியும், மதிலில் மரண அறிவித்தலும். கால் நின்றுவிட்டது. மூன்று புனிதர்களின் பெயர்கள், அதே வரிசையில். பிறந்த இடம் கொச்சிக்கடை. கீழே சிறிய எழுத்தில் துரை.

செத்த வீட்டில் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு மானம் எனக்கும் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, ஆட்கள் போன பிறகு, நானும் அவரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, அந்தக் கனடா அம்மா…"

"ஓம். அப்பாட தங்கச்சி."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்க படத்தப் பாத்தீங்க தானே. வலது பக்கம் துணி இல்லாதது தெரிஞ்சிருக்கும்." என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார், கோபமே இல்லாமல். "கேப்பீங்க என்டு ரெண்டு நாளா போனை மேசையிலேயே வச்சிருந்தன். கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

அவர் தொடர்ந்து பேசினார், எனக்குச் சொல்வதற்காக மட்டும் இல்லை என்று தோன்றியது.

"அம்மா சாகும் வரைக்கும் அந்த மழையத்தான் சொல்லுவா. கதவச் சாத்தினது ஒரு பிள்ளட கை, வளையல் போட்ட கை என்டு. அந்தப் பேர லிஸ்ட்ல பாத்த உடனே எனக்கு ஆத்திரம். நாங்க எப்பிடி இருந்தம் என்டு இவ்வளவு காலமும் கேக்காத ஆக்கள், இப்ப பிளேன்ல வந்து பாத்துட்டுப் போறதா? படம் நாலு பக்கமும் துணி வச்சுத்தான் எடுத்தன். பிறகு போன்ல வச்சு வெட்டினன்."

"அங்கிளுக்குத் தெரியுமா?"

அதற்குத்தான் அவர் அழுதார்.

"அப்பாட்ட கேக்கல்ல. உங்கட தங்கச்சி வாறாங்க, பாக்கணுமா என்டு ஒரு வார்த்த கேக்கல்ல. வேணாம் என்டிருப்பாரோ, ஓம் என்டிருப்பாரோ. ஓம் என்டா என்ன செய்றது என்டு பயம். அந்தச் செவ்வாய்க்கும் கோயிலுக்குப் போய் வந்தாரு. அவரு வழமையா இருக்கிற வாங்கு அதுதான். அடுத்த நாள் அதிலதான் நான் அவங்கள இருத்தினன்."

எழுந்து உள்ளே போய்க் கைப்பையிலிருந்து போனை எடுத்துவந்தார். முழுப் படத்தை அவர் அழித்திருக்கவில்லை. என் தொலைபேசிக்கு அனுப்பிவிட்டு, "அவங்களுக்கு அனுப்புறதெண்டா அனுப்புங்க. இனி அப்பாவுக்கு நோகாது" என்றார். அதன் பிறகு அவர் படம் எடுக்கப் போகவில்லை. வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் பிடிக்காமலும் இல்லை. வருகிறவர்கள் கரையை வெட்டிச் சுத்தமாகத்தான் அனுப்புகிறார்கள். ஒவ்வொருவரிடமும் நான் சண்டை பிடிக்கிறேன்.

அந்தப் படம் நாலு மாதம் என்னிடமே கிடந்தது. எதை எழுதி அனுப்புவது? வாசலைக் கேட்டார்கள்; கையில் இருப்பது கல்லறை. கடைசியில் ஒரு ஞாயிறு காலையில் உட்கார்ந்து எழுதினேன். ஓரத்தைப் பார்க்காமலே இல்லை என்று எழுதியது என் பிழை என்று எழுதினேன். அவர்கள் கோயிலில் வைத்துத்தான் கலியாணம் செய்தார்கள், அந்தப் பாவம் உங்கள் தலையில் இல்லை என்று எழுதினேன். நீங்கள் வந்தபோது உங்கள் அண்ணன் உயிரோடு இருந்தார் என்று எழுதினேன். குடை பிடித்தவர் யார் என்றும் எழுதினேன். படத்தை இணைத்தேன், நாலு பக்கமும் துணியோடு.

மூன்று கிழமை ஒரு சத்தமும் இல்லை. பிறகு மகள் இல்லை, அந்த அம்மாவே அழைத்தார். என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மனதைத் தயாராக்கிக்கொண்டு எடுத்தேன். திட்டவில்லை. குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"அந்தப் பிள்ளட்ட ஒண்டு கேட்டுச் சொல்லுங்க. கதவச் சாத்தின கதைய நான் அவகிட்டயே சொல்லியிருக்கிறன். அதக் கேட்டதுக்குப் பிறகும் என்ட கைய ஏன் விடல்ல?"

நான் முகத்துவாரத்துக்கு அழைத்தேன். கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அண்டைக்குப் படியெல்லாம் ஈரம். விட்டிருந்தா விழுந்திருப்பாங்க" என்றார் அக்கா.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். இல்லை, அது போதும் என்றார். அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.